சிறுவர் அசைவூட்டத் திரைப்படங்களும் அவற்றின் தொடர்ச்சிகளும் – ஒரு சமூகவியல் நோக்கு

சிறுவருக்கான கலைகளை ஆராய முற்படுவோர் இருவகை எண்ணங்களை எதிர்நோக்க வேண்டியுள்ளது. சிறுவருக்கானவை எளிமையானவை, ஆதலின் ஆய்வுக்கு உரியனவல்ல என்பது ஒன்று. அவை வெறும் பொழுதுபோக்கு, ஆதலின் சமூக உறவுகளோடு தொடர்பற்றவை என்பது மற்றையது. பேச்சுவழக்கிலே கார்ட்டூன் படங்கள் எனப்படும் அசைவூட்டத் திரைப்படங்களைப் பொறுத்தவரை இவ்விரு எண்ணங்களும் ஒருங்கே நிலவுகின்றன. ஆயின், இன்றைய குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குமுன்னரே படம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பிரிவு, இழப்பு, வளர்ச்சி, மரணம் என்பன பற்றிய முதலறிவைப் பல குழந்தைகள் இப்படங்களினூடாகவே பெறுகின்றன. எனவே, இப்படங்கள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு முடிகின்றன, முடிந்தபின் ஏன் மீண்டும் தொடர்கின்றன என்ற வினாக்கள் பண்பாட்டு ஆய்வாளரால் ஒதுக்கத்தக்கனவல்ல.

இக்கட்டுரையில் நாம் இவற்றுள் இறுதி வினாவையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் டிஸ்னி, பிக்ஸார் ஆகிய நிறுவனங்களின் படங்களே எமது ஆய்வின் மையம். இத்துறையில் நீண்ட வரலாறும் பரந்த செல்வாக்கும் உடையவை அவை என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

1

ஒரு கதை முடிந்த பின்னர் அதனைத் தொடர்ந்து சொல்லுதல் புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரத்தின் கதைத் தொடர்ச்சியாக அமைந்த மணிமேகலையை அதனோடு சேர்த்து இரட்டைக் காப்பியம் என வழங்கும் மரபினை நாம் அறிவோம். கோவலன் மகளின் துறவைக் கூறும் அந்நூல், பௌத்த சமயக் கருத்துக்களை நிலைநாட்டும் தேவையோடு இணைந்து எழுந்தது. கதைத் தொடர்ச்சி ஒவ்வொன்றின் பின்னும் ஏதோவொரு தேவை உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆகவே, தொடர்ச்சி நல்லதா தீயதா என வினவுவதிலும் பார்க்க, எத்தேவை அதனைப் பிறப்பித்தது என வினவுவதே பயனுடையது.

டிஸ்னி நிறுவனத்தின் வரலாற்றில் இவ்வினாவிற்கான விடை வியப்பூட்டுவதாக உள்ளது. 1933இல் வெளியான ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ என்ற குறும்படம் பெருவெற்றி ஈட்டியது. அதன் விளைவாக 1934, 1936, 1939 ஆகிய ஆண்டுகளில் அதே பன்றிக்குட்டிகளையும் ஓநாயையும் கொண்ட மூன்று குறும்படங்கள் வெளிவந்தன. அவற்றுள் எதுவும் முதற்படத்தின் செல்வாக்கைப் பெறவில்லை. இவ்வனுபவம் வால்ற் டிஸ்னியைத் தொடர்ச்சிகளில் நம்பிக்கையற்றவராக்கியது. 1937 திசெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும்’ அதனினும் பெரிய வெற்றியைப் பெற்றபோதும், அதற்கு முழுநீளத் தொடர்ச்சி எதனையும் அவர் ஆக்கவில்லை. 1966இல் அவர் மறையும்வரை, தனிக்கதையுடைய அசைவூட்டத் திரைப்படம் எதற்கும் நேர்த்தொடர்ச்சியாக இன்னொரு முழுநீள அசைவூட்டப் படம் அந்நிறுவனத்திலிருந்து வெளிவரவில்லை.

இதனை ஒரு கலைஞரின் கொள்கையுறுதி என மாத்திரம் விளக்குதல் போதாது. தொடர்ச்சியின்றியே பழைய படத்திலிருந்து மீண்டும் வருவாய் பெறும் வழியொன்று அந்நிறுவனத்திற்கு இருந்தது என்பதே அடிப்படை உண்மை. ‘ஸ்னோ வைற்’ படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 1944, 1952, 1958, 1967, 1975, 1983 ஆகிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும் மீள வெளியிடப்பட்டது. ஏனைய படங்களும் ஏறத்தாழ ஏழாண்டுக்கொரு முறை திரைக்கு வந்தன. ஏழாண்டு கழிந்தால் முதன்முறை பார்த்த சிறுவர் வளர்ந்துவிடுவர். அப்படத்தைப் பாராத புதிய சிறுவர் கூட்டமொன்று தோன்றிவிடும். கதை பழையதாகவே இருக்க, பார்ப்போர் புதியோராயினர். வேறெந்தத் திரைப்பட வகைக்கும் இத்துணை ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் பார்வையாளர் வாய்க்கவில்லை. இத்தகைய நிலையில் முடிந்த கதையைத் தொடர்வதற்கான பொருளாதார நெருக்குதல் எழவில்லை.

2

இந்நிலையை மாற்றியது வீடியோ நாடா. 1985இல் ‘பினோக்கியோ’, 1988இல் ‘சின்ட்ரெல்லா’ என டிஸ்னியின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வீட்டுப் பாவனைக்கான நாடாக்களாக விற்பனைக்கு வந்தன. விற்பனை பெரிதாக இருந்தது. ஆயினும் இவ்விற்பனை தன்னுள்ளேயே ஒரு முரண்பாட்டைக் கொண்டிருந்தது. திரையரங்கில் ஏழாண்டுக்கொரு முறை நுழைவுச்சீட்டு விற்க உதவிய படம், இப்போது ஒரு குடும்பத்திற்கு ஒரேயொரு முறை விற்கப்பட்டது. அதன் பின்னர் மூத்த பிள்ளைக்கு வாங்கிய நாடாவையே இளைய பிள்ளையும் பார்த்தது.

இவ்விடத்தில் குழந்தையின் இயல்பொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்க விரும்புவது குழந்தை இயல்பு. சொல்லும் பாட்டி ஒரு சொல்லை மாற்றினாலும் குழந்தை திருத்தும். அடுத்து வருவது இன்னதென அறிந்திருப்பதில் அது பாதுகாப்பினையும் மகிழ்ச்சியினையும் காண்கிறது. வீடியோ நாடா இவ்விருப்பத்தை முழுமையாக நிறைவு செய்தது. ஒரே படத்தை நூறு தடவை பார்க்கலாம். குழந்தை வேண்டியது பழைய கதை. நிறுவனத்திற்கு வேண்டியிருந்ததோ புதிய பண்டம். பழைய பாத்திரங்களைக் கொண்ட புதிய படம் இவ்விரு தேவைகளுக்கும் இடையே காணப்பட்ட இணக்கமாகும். தொடர்ச்சிப் படங்களின் பெருக்கத்தை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் இதுவே என நாம் கருதுகிறோம்.

1977இல் வெளிவந்த ‘த றெஸ்கியூவேர்ஸ்’ படத்தின் தொடர்ச்சி 1990இல் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது. டிஸ்னியின் முழுநீள அசைவூட்டப் படமொன்றுக்குத் திரையரங்குக்கென ஆக்கப்பட்ட முதலாவது நேர்த்தொடர்ச்சியான இது வசூலில் தோல்வியுற்றது. ஆனால் நான்காண்டு கழித்து, 1994 மே மாதத்தில், ‘அலாடின்’ (1992) படத்தின் தொடர்ச்சியான ‘ஜபாரின் மீட்சி’ திரையரங்குக்குச் செல்லாமலேயே நேரடியாக வீடியோ நாடாவாக விற்கப்பட்டுப் பெருவெற்றி பெற்றது. இது நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவினால், தொலைக்காட்சித் தொடரொன்றின் தொடக்கப் பகுதிகளாகத் திட்டமிடப்பட்டவற்றிலிருந்து உருவாக்கப்பட்டது. முதற்படத்தில் பூதத்திற்குக் குரல் கொடுத்த றொபின் வில்லியம்ஸ் இதில் பங்குகொள்ளவில்லை. திரையரங்குப் படமொன்றிற்கான செலவின் மிகச் சிறிய பங்கே இதற்குச் செலவாயிற்று. தரக்குறைவு விற்பனையைப் பாதிக்கவில்லை என்பதே நிறுவனம் இதிலிருந்து கற்ற பாடமாகும்.

இதன் பின்னர் ‘த லயன் கிங்’ (1994) படத்திற்கு 1998இலும் 2004இலும், ‘சின்ட்ரெல்லா’ (1950) படத்திற்கு 2002இலும் 2007இலும் எனத் தொடர்ச்சிகள் பெருகின. 1942இல் வெளிவந்த ‘பாம்பி’ படத்திற்குக்கூட 64 ஆண்டுகளின் பின், 2006இல், ஒரு தொடர்ச்சி எழுந்தது. இது ஒரு நிறுவனத்தோடு நின்ற போக்குமன்று. டொன் புளூத் 1988இல் நெறிப்படுத்திய, தாயை இழந்த டைனோசோர்க் குட்டியின் பயணத்தைக் கூறும் ‘த லான்ட் பிபோர் ரைம்’ படத்திற்கு, 1994 முதல் 2016 வரை 13 தொடர்ச்சிகள் வெளிவந்தன. அவற்றுள் எதிலும் மூலப்படத்தின் நெறியாளர் பங்குகொள்ளவில்லை.

3

இத்தொடர்ச்சிகள் மூலக்கதையின் முடிவை என்ன செய்கின்றன என்பதை இனி நோக்குவோம். அமைப்பு வகையில் இவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வழித்தோன்றற் கதை. தலைமைப் பாத்திரத்தின் பிள்ளை தலைமைப் பாத்திரமாகிறது. கடலை விட்டுத் தரைக்கு வர விரும்பிய ‘லிற்றில் மெர்மெய்ட்’ படத்து (1989) ஏரியலின் மகள், 2000இல் வந்த தொடர்ச்சியிலே தரையை விட்டுக் கடலுக்குச் செல்ல விரும்புகிறாள். கதை திசைமாற்றி மீளக் கூறப்படுகிறது. முன்னர் தந்தையின் தடையை மீறிய ஏரியல் இப்போது மகளைத் தடுக்கும் தாயாகிறாள்.

இரண்டாவது, இடைச்செருகற் கதை. எமது ஏட்டுச்சுவடி ஆய்வாளர் கையாளும் சொல்லே இவ்வகைக்கு மிகப் பொருத்தமானது. ‘பாம்பி’யின் மூலப்படத்தில் வேடனின் குண்டுக்குத் தாய்மான் பலியாகிறது. பனியிலே குட்டி தாயை அழைக்கிறது. தந்தை வந்து அழைத்துச் செல்கிறது. அடுத்து வசந்தம் வந்துவிடுகிறது. அவ்விடைவெளியின் மௌனமே அக்காட்சியின் பொருள். இறந்தவர் திரும்பி வரார். பருவங்களோ யாருக்கும் காத்திரா என்பதைச் சொல்லாமற் சொல்வது அது. 2006இல் வெளிவந்த தொடர்ச்சி இவ்வெற்றிடத்தினுள்ளேயே நுழைந்து, தந்தைக்கும் குட்டிக்கும் இடையே உறவு வளரும் கதையொன்றை அங்கு அமைக்கிறது. தனித்து நோக்குமிடத்து அது அன்பு நிறைந்த கதையே. ஆயினும் குழந்தை தானே எண்ணி நிரப்புவதற்காக விடப்பட்டிருந்த இடம் அதனால் நிரப்பப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது, முடிவழிப்புக் கதை. தோற்ற பகைவன் மீள்கிறான், அல்லது நடந்தது நடவாததாக்கப்படுகிறது. ‘சின்ட்ரெல்லா’வின் மூன்றாம் படத்தில் சிற்றன்னை மந்திரக்கோலைக் கைப்பற்றிக் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறாள், கண்ணாடிச் செருப்பு அவளுடைய மகளுக்குப் பொருந்திவிடுகிறது. தொடர்ச்சிப் படமொன்று தனது வகையின் இயல்பை இதனினும் வெளிப்படையாகக் கூறுதல் அரிது. மந்திரக்கோலால் அவள் செய்வதைத்தான் சந்தை பொதுவாகச் செய்கிறது.

மூன்று வகையிலும் பொதுப்பண்பொன்று உண்டு. மூலக்கதைகள் மாற்றத்தைப் பற்றியவை. வளர்தல், இழத்தல், நீங்குதல் என்பன அவற்றின் பொருள். தொடர்ச்சிகளோ பாத்திரங்களை, வாங்குவோர் அவர்களை இனங்கண்டுகொள்ளும் நிலைக்கே மீளக் கொணர வேண்டியுள்ளன. மாற்றத்தைப் பற்றிய கதை மாறாமையைப் பற்றிய கதையாகிவிடுகிறது.

4

இம்முரண்பாட்டைத் தனது கதைப்பொருளாகவே கொண்ட படவரிசையொன்று உளது. பிக்ஸார் நிறுவனத்தின் ‘ரோய் ஸ்ரோறி’ படங்களே அவை. 1995 நவம்பரில் வெளிவந்த முதற்படம், முற்றிலும் கணினியால் ஆக்கப்பட்ட முதலாவது முழுநீள அசைவூட்டத் திரைப்படமாகும். தன்னை உண்மையான விண்வெளி வீரன் என நம்பும் பஸ் என்ற பொம்மை, தொலைக்காட்சி விளம்பரமொன்றைக் கண்டும், தன் கையிலே தாய்வானில் செய்யப்பட்டது எனப் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டும், தான் ஒரு விளையாட்டுப் பொருள் என உணரும் காட்சி அதிலுண்டு. தொலைதூரத் தொழிற்சாலையொன்றில் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்ட பண்டங்களில் தானும் ஒன்று என்ற அறிவு, அப்பாத்திரத்தின் துயரமாகவும் முதிர்ச்சியாகவும் ஒருங்கே அமைகிறது. பண்டமும் மனித உறவும் பற்றிய இத்தகைய காட்சி சிறுவர் படத்தில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் படம் முதலில் நேரடி வீடியோ நாடாவாகவே திட்டமிடப்பட்டது. 1998இல் அது திரையரங்குப் படமாக மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கதை நிறைவளிக்கவில்லை எனக் கண்ட ஜோன் லசற்றரும் குழுவினரும், வெளியீட்டுத் திகதியை மாற்ற இயலாத நிலையில், ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் படத்தைப் பெரும்பாலும் புதிதாக ஆக்கினர். 1999 நவம்பரில் வெளிவந்த அப்படத்தில் வூடி என்ற பொம்மை இரு வழிகளுள் ஒன்றைத் தெரிய வேண்டியுள்ளது. யப்பானிய அருங்காட்சியகமொன்றின் கண்ணாடிப் பெட்டியினுள் என்றும் அழியாது இருக்கலாம். அல்லது ஒருநாள் வளர்ந்து தன்னைக் கைவிடப்போகும் சிறுவனிடம் திரும்பலாம். வூடி சிறுவனையே தெரிகிறது. அழியாப் பண்டமாக நிலைப்பதிலும் முடியக்கூடிய உறவே மேலானது என்பது இதன் கருத்து. சந்தைக்கெனத் தொடங்கப்பட்ட தொடர்ச்சியொன்று சந்தையின் தருக்கத்தை இவ்வாறு மறுத்தமை கலைவரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதே படம் அதனை ஆக்கியோரின் உடலிலும் தன் தடத்தைப் பதித்தது. பணியாளருள் மூன்றிலொரு பகுதியினர் இடைவிடாக் கணினி வேலையால் கை, மணிக்கட்டு முதலியவற்றில் ஏற்படும் நோவுக்கு ஏதோவொரு வகையில் உள்ளாகினர் என, நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான எட் கற்மல் 2014இல் வெளியான தமது நூலிற் பதிவுசெய்துள்ளார். 1941 மே மாதத்திலே டிஸ்னி நிறுவனத்தின் ஓவியத் தொழிலாளர் ஊதியம், தொழிற்சங்க உரிமை என்பவற்றிற்காக வேலைநிறுத்தம் செய்தனர். குழந்தைகளின் சிரிப்புக்குப் பின்னால் உழைப்பொன்று இருப்பது அன்று தெருவிலே வெளிப்பட்டது. இன்று அது திரையின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலாக மாத்திரமே எமது கண்ணுக்குப் புலப்படுகிறது.

தொடர்ச்சி உரிமை கதைக்கு வெளியேயும் போராட்டப் பொருளாயிற்று. 1997இல் இரு நிறுவனங்களும் செய்துகொண்ட ஐந்து படங்களுக்கான உடன்படிக்கையில் தொடர்ச்சிகள் கணக்கிற் கொள்ளப்படவில்லை. உறவு முறிந்தபோது, பிக்ஸாரின் பங்களிப்பின்றியே அதன் படங்களுக்குத் தொடர்ச்சிகள் ஆக்குவதற்கெனத் தனிப் பிரிவொன்றை டிஸ்னி நிறுவியது. ஆக்கியோர் வேறு, உரிமையுடையோர் வேறு என்ற நிலை இதனால் அப்பட்டமாக வெளிப்பட்டது. 2006இல் டிஸ்னி பிக்ஸாரையே வாங்கிய பின்னர் அப்பிரிவு மூடப்பட்டது. பழம்படங்களுக்கான மலிவு வீடியோத் தொடர்ச்சிகளும் விரைவில் நிறுத்தப்பட்டன. அவற்றுட் பலவற்றை ஆக்கிய சிட்னி நகர ஸ்ரூடியோவும் 2006இலேயே மூடப்பட்டது.

2010இல் மூன்றாம் ‘ரோய் ஸ்ரோறி’ வெளிவந்தது. பொம்மைகளின் உரிமையாளனான அன்டி பல்கலைக்கழகம் செல்லும் வயதினனாகிவிட்டான். தன் பொம்மைகளை ஒரு சிறுமிக்குக் கையளித்துவிட்டுச் செல்கிறான். 1995இல் முதற்படத்தைக் கண்ட குழந்தைகளும் அவ்வாறே வளர்ந்திருந்தனர். கதையின் காலமும் பார்ப்போரின் காலமும் ஒன்றிணைந்தமையே அம்முடிவின் வலிமைக்குக் காரணம். ஆயின், 100 கோடி டொலருக்கு மேல் வசூலித்த ஒரு படம் முடிவாக நிலைத்தல் எளிதன்று. நான்காம் படம் 2019இல் வெளிவந்தது. ஐந்தாம் படம் தயாரிக்கப்படும் என 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பிரிவை ஏற்கக் கற்பித்த கதையே பிரிய மறுக்கும் கதையாயிற்று.

5

வீடியோ நாடாவின் காலம் கழிந்துவிட்டது. ஆனால் விநியோக முறை கதையின் வடிவைத் தீர்மானிக்கும் என்ற விதி கழியவில்லை. இணையவழித் தொடராகத் திட்டமிடப்பட்டிருந்த ‘மொஆனா’ (2016) படத்தின் தொடர்ச்சி, திரையரங்குப் படமாக மாற்றப்பட்டதாக 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியாகி 100 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. தொலைக்காட்சியிலிருந்து வீடியோவுக்கு, வீடியோவிலிருந்து திரையரங்குக்கு, இணையத்திலிருந்து திரையரங்குக்கு என, கதை எங்கு விற்கப்படும் என்பது கதை பிறந்த பின்னரே முடிவாவதை 1994, 1999, 2024 ஆகிய ஆண்டுகளின் மூன்று படங்களும் காட்டுகின்றன. அதே 2024இல் பிக்ஸார் தனது பணியாளருள் ஏறத்தாழ 14 சதவீதத்தினரை நீக்கியது. அடுத்த மாதம் வெளிவந்த அதன் தொடர்ச்சிப் படமொன்று 160 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. பெருவெற்றியும் வேலையிழப்பும் இவ்வாறு அருகருகே நிகழ்ந்தன.

தொடர்ச்சி எப்போதும் இவ்வாறே அமைய வேண்டுமென்பதில்லை. சோவியத் நாட்டின் சோயுஸ்முல்ற்பில்ம் ஸ்ரூடியோவில் ரொமான் கச்சனோவ் ஆக்கிய செபுராஷ்கா, ஜெனா என்ற முதலை ஆகிய பாத்திரங்களின் பொம்மைப் படங்கள் 1969, 1971, 1974, 1983 ஆகிய ஆண்டுகளில் நான்காக வெளிவந்தன. தனிமையுற்றோர் கூடித் தமக்கென ஒரு வீடு கட்டுதல், ஆற்றை மாசுபடுத்தும் தொழிற்சாலையை எதிர்த்தல் என ஒவ்வொன்றும் புதிய பிரச்சினையொன்றை எடுத்துத் தன்னளவில் நிறைவுற்றது. யப்பானில் ஹயாவோ மியசாக்கி தமது ‘தொத்தோரோ’ (1988) படத்திற்கு முழுநீளத் தொடர்ச்சி ஆக்கவில்லை. அதன் பாத்திரமான சிறுமி மெய் மீண்டும் தோன்றும் குறும்படமொன்றை, மிதாக்கா நகரிலுள்ள கிப்லி அருங்காட்சியகத்திற்கென 2002இல் ஆக்கினார். வீட்டிற்கு வாங்கிச் செல்லும் பண்டமாக அது விற்கப்படவில்லை. சோவியத் ஸ்ரூடியோவிற்கு அரசின் கட்டுப்பாடுகள் இருந்தன. கிப்லி நிறுவனமும் பொம்மை விற்பனையால் வருவாய் பெறுவதே. எனினும் வேறு வழிகள் இயலுமானவை என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

மேற்கூறியவற்றிலிருந்து மதிப்பீட்டு அளவுகோலொன்றை நாம் பெறலாம். தொடர்ச்சி மூலக்கதையின் முடிவை ஏற்றுக்கொண்டு அங்கிருந்து மேற்செல்கிறதா, அன்றி அம்முடிவை அழித்துவிட்டு மீளத் தொடங்குகிறதா என்பதே அது. ‘ரோய் ஸ்ரோறி’யின் இரண்டாம் மூன்றாம் படங்கள் முதல்வகைக்கும், சின்ட்ரெல்லாவின் மூன்றாம் படம் இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். குழந்தையின் பக்கத்திலிருந்து நோக்கின் இவ்வேறுபாடு சிறியதன்று. முடிவுள்ள கதை, இழப்பைத் தாங்கவும் மாற்றத்தை ஏற்கவும் குழந்தையைப் பழக்குகிறது. முடிவற்ற கதை, எதனையும் இழக்க வேண்டியதில்லை, மீண்டும் வாங்கினாற் போதும் என்ற எண்ணத்தை வளர்க்கிறது.

பெற்றோரும் ஆசிரியரும் இப்படங்களைத் தடைசெய்ய வேண்டும் என நாம் கூறவில்லை. அது இயலாதது, வேண்டாததும்கூட. குழந்தை ஒரே படத்தைப் பத்தாவது முறையும் கேட்கும்போது அடுத்த படத்தை வாங்கிக் கொடுக்க விரையாமல், அப்பழைய படத்தையே அதனோடிருந்து பார்த்து, தாய்மான் ஏன் திரும்பி வரவில்லை என அது கேட்கும் வினாவிற்கு விடைகூறுதல் நலம். அவ்வினா எழும் இடத்திலேதான் சிறுவர் கலை தன் பணியைச் செய்கிறது. அவ்விடத்தை வெறுமையாக விட்டுவைக்கும் துணிவு ஆக்குவோருக்கு வேண்டும். அத்துணிவை இனங்கண்டு போற்றும் பொறுப்பு விமர்சகருக்கு உண்டு.